பஞ்சுப் போர்வைத் தையலுக்கு எந்த யந்திரம்?

கைத்தறித் துண்டுத் துணிகளையும் பஞ்சையும் கொண்டு போர்வை தைத்து விற்கலாமே என்ற எண்ணம் நம் சங்கங்கள் சிலவற்றில் தோன்றியிருக்கிறது. நெசவாளர் வீட்டில் துணி இருக்கிறது. விவசாயி வீட்டில் பருத்தி இருக்கிறது. இரு வீடுகளிலும் தையல் அறிந்த பெண்கள் இருக்கின்றனர். வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் கரூர் வியாபாரிகளும், சென்னிமலைப் போர்வைகளுக்குப் பழகிய கடைக்காரர்களும் தூரத்தில் இல்லை. ஆகவே எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் இத்தொழிலுக்கென்று தையல் யந்திரம் வாங்கப் புறப்படும்போதுதான் கால் இடறுகிறது. இடறியதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம்; அதில் நமக்கும் பங்கு உண்டு. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் வேலை இன்னதென்று தெளிவுபடுத்திக் கொள்வோம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே சீராகப் பரப்பிய பஞ்சு. இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதபடி பரப்பு முழுவதும் தைத்துப் பிணைத்தால் அது பஞ்சுப் போர்வை. குவில்ட் என்றும் ரஜாய் என்றும் கடைகளில் வழங்குவது இதுவே. வங்காளத்துக் காந்தாவும், பீகாரின் சுஜனியும், வட கன்னட மாவட்டத்துச் சித்தி மக்களின் கவந்தியும் இதன் உறவினர்கள். அவை துணி அடுக்குகளைக் கைத்தையலால் பிணைப்பவை. யந்திரத்தில் தைக்கும்போது இரு முறைகள் உண்டு. ஒன்று, யந்திரமே துணியை நகர்த்த, நேர்கோடாகத் தைத்துக் கொண்டு போவது. மற்றொன்றில் யந்திரம் துணியை நகர்த்துவதில்லை. ஊசி நின்ற இடத்தில் குத்திக் கொண்டிருக்கும். தைப்பவர் இரு கைகளாலும் துணியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தம் விருப்பம்போல் ஓட்டுவார். எழுதுகோலை அசைக்காமல் காகிதத்தை அசைத்து எழுதுவது போன்ற வேலை இது. ஃப்ரீ மோஷன் என்று கூறப்படும் இதனைக் கைப்போக்குத் தையல் என்று இங்கே அழைப்போம். வளையத்தில் துணியை மாட்டி யந்திரத்தில் பூவேலை செய்யும் பெண்களுக்கு இது புதிதன்று. கோடு கோட்டை வெட்டாமல் வளைந்து வளைந்து பரப்பை நிரப்ப வேண்டியிருப்பதால், வாசலில் கம்பிக் கோலம் இட்டுப் பழகிய கை இதனை விரைவில் பற்றிக் கொள்கிறது என்பது நாம் கண்டது.

இனி நடந்ததைச் சொல்கிறோம். ஒரு சங்கத்திற்கு 40 போர்வைகளுக்கு ஆர்டர் வந்தது. அளவு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். நிர்வாகக் குழு கூடி, 4 யந்திரங்கள் வாங்குவதென்று தீர்மானித்து விலைப்புள்ளி கோரியது. கோரிக்கையில் கண்ட விவரம் 'போர்வை தைக்கத்தக்க மின்சாரத் தையல் யந்திரம்' என்பது மட்டுமே. மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. எல்லாவற்றிலும் குறைந்த விலை சொன்னவரின் யந்திரம் 30-க்கு மேற்பட்ட தையல் வகைகள் உடையது, பார்வைக்கு அழகானது, ஒரு கையால் தூக்கிவிடலாம். ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்துக் குறைந்த விலைக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் நாம். விலைகளைக் கூட்டிப் பார்த்தோம், வரியைச் சரிபார்த்தோம், யந்திரத்தில் ஒரு முழம் துணியைத் தைத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

யந்திரங்கள் வந்து இறங்கிய பின்னர், பூவேலையில் தேர்ந்த மூத்த அங்கத்தினர் ஒருவர் முதலில் உட்கார்ந்தார். இரண்டு அங்குலம் தைத்தார், நிறுத்தினார், ஊசியின் கீழே குனிந்து பார்த்தார். "பல்லு மேலே நிக்குதுங்களே ஐயா. துணியை அது இழுக்கிறதா, நான் இழுக்கிறதா?" என்று கேட்டார். பற்களை இறக்கும் அமைப்பு அந்த யந்திரத்தில் இல்லை. மூடும் தகடும் உடன் வரவில்லை. அது பெரிய குறையன்று என்பதை அவரே சிறிது நேரத்தில் காட்டினார். பெரிய குறை, போர்வையின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் வெளிப்பட்டது. சுருட்டிய போர்வை யந்திரத்தின் கைக்கடியில் அடைத்துக் கொண்டது. கையை நகர்த்த இடமில்லை. மூன்று போர்வைகள் பெரும்பாடுபட்டு முடிந்தன. தவணை கடந்ததால் மீதி ஆர்டர் ரத்தாயிற்று. வெட்டிவைத்த துணியும் பரப்பிவைத்த பஞ்சும் மூலையில் கிடந்தன. பெண்கள் 11 பேர் எதிர்பார்த்திருந்த கூலி போயிற்று. அங்கத்தினர் பங்குத் தொகையில் வாங்கிய யந்திரங்கள் உறை போட்டு மூடப்பட்டுத் தளவாடப் பதிவேட்டில் இடம்பெற்றன.

பற்களும் பாதமும்

பாபினிலுள்ள கீழ்நூலும் ஊசியிலுள்ள மேல்நூலும் ஒன்றையொன்று பின்னிக் கொள்வதே யந்திரத் தையல். எலியாஸ் ஹோ 1846-லும் ஐசக் மெரிட் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் உரிமம் பெற்ற காலந்தொட்டு இவ்வடிப்படை மாறவில்லை. ஊசி துணியினூடே இறங்கி, அடிமட்டத்திலிருந்து சிறிது எழும்பும்போது அதன் காதருகே நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. அக்கண்ணியைக் கீழேயுள்ள கொக்கி பற்றிக் கொள்ள வேண்டும். ஊசி எழும்பும்போது துணியும் உடன் எழும்பினால் கண்ணி விரியாது, கொக்கி வெறுங்காற்றைப் பற்றும், தையல் தாவிவிடும். பஞ்சடுக்கு தடிப்பானது, மெத்தென்றது. ஆகவே ஊசியோடு எழும்பும் இயல்பு அதற்கு மிகுதி. அதைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்க ஒன்று வேண்டும். அதே சமயம் கை ஓட்டும் திசையில் அது துணியைத் தடுக்கவும் கூடாது.

இதற்கென்று இருப்பதே வில் பொருத்திய தாவும் பாதம். கடையில் டார்னிங் ஃபுட் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊசி இறங்கும்போது அதுவும் இறங்கித் துணியைத் தொடும். ஊசி ஏறும்போது தானும் ஏறி வழிவிடும். இப்பாதம் பொருந்தாத யந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பூவேலைக்காரர்கள் பாதமே இல்லாமல் தைப்பார்களே என்று கேட்கலாம். அவர்களுடைய துணியை வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. போர்வைக்கு அந்த வசதி இல்லை. விரலும் அபாயத்திற்கு உள்ளாகும்.

பற்களைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. சில யந்திரங்களில் ஒரு திருகையோ விசையையோ திருப்பினால் பற்கள் தகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அது இல்லாதவற்றில் மூடும் தகட்டைப் பொருத்தலாம். அல்லது திருகைக் கழற்றிப் பற்களையே எடுத்துவிடலாம். இவை ஒன்றும் கைகூடாவிட்டால், தையல் நீளத்தைக் குறிக்கும் திருகைச் சூன்யத்தில் வைத்தால் போதும். பற்கள் ஏறி இறங்கும். ஆனால் துணியை முன்னே தள்ளமாட்டா. மேலே சொன்ன அம்மையார் அன்று செய்து காட்டியது இதுவே.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பாதத்தை இறக்கும் நெம்பை இறக்க மறந்துவிட்டுத் தைத்தால், மேல்நூலை இறுக்கும் தட்டுகள் திறந்தே இருக்கும். துணியின் அடியில் நூல் கூடு கூடாகச் சுற்றிக் கொள்ளும். தாவும் பாதம் எப்போதும் சிறிது உயரத்தில் நிற்பதால் நெம்பு இறங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. யந்திரம் பழுது என்று மெக்கானிக்கை அழைத்த ஓரிடத்தில், அவர் வந்து நெம்பை இறக்கிவிட்டு, வந்து போன கூலியைப் பெற்றுக் கொண்டு போனார்.

இடைவெளியே விலை

பற்களை அடக்க நான்கு வழிகள் உண்டு. யந்திரத்தின் இடைவெளியைப் பெரிதாக்க ஒரு வழியும் இல்லை. ஊசியிலிருந்து வலப்புறத் தூண் வரை எத்தனை அங்குலம் என்பதே போர்வைத் தையலுக்கு யந்திரம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி. விற்பவர்கள் இதனைத் தாமாகச் சொல்வதில்லை. ஆகையால் அங்குல நாடாவைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

கணக்கு எளியது. 60 அங்குல அகலமுள்ள போர்வையின் நடுவைத் தைக்கும்போது 30 அங்குலம் இடப்புறமும் 30 அங்குலம் வலப்புறமும் இருக்கும். வலப்பாதி முழுவதும் சுருண்டு யந்திரத்தின் கைக்கடியில் புக வேண்டும். கால் அங்குலத் தடிப்புள்ள அடுக்கை இறுகச் சுருட்டினால் சுருளின் குறுக்களவு 3 அங்குலம். தைக்கத் தைக்கச் சுருள் தளர்ந்து 4 அங்குலமாகிவிடும். சங்கம் வாங்கிய யந்திரத்தின் இடைவெளி 6 அங்குலம். 4 போக மிச்சம் 2. அந்த இரண்டு அங்குலத்துக்குள் வலக்கையும் இருக்க வேண்டும், வளைகோடும் ஓட வேண்டும் என்றால் எப்படி முடியும்? வீட்டு யந்திரங்களில் பெரும்பாலானவை ஆறு முதல் ஏழு அங்குல இடைவெளி உடையவை. போர்வைக்காரர்களுக்கென்றே நேர்த்தையல் மட்டும் போடும் யந்திரங்கள் சில வருகின்றன. ஜூகி நிறுவனத்தின் டி.எல். வரிசை அத்தகையது, அதன் இடைவெளி எட்டரை அங்குலம். 4 போக நாலரை மிஞ்சும். இவ்விரண்டரை அங்குல வித்தியாசத்துக்குத்தான் விலை.

இதனினும் பெரியவை உண்டு. துணியைச் சட்டத்தின் உருளைகளில் கட்டி நிறுத்தி, யந்திரத்தின் தலையையே தண்டவாளத்தில் ஓட்டித் தைக்கும் நீள்கை யந்திரங்களில் இடைவெளி 18 அங்குலத்துக்கும் மேல் இருக்கும். அவற்றிற்குத் தனி அறை வேண்டும். ஆண்டு முழுவதும் ஆர்டரும் வேண்டும். தொடங்கும் சங்கத்துக்கு அவை வேண்டாதவை.

யந்திரம் மேசைக்குள் அமிழ்ந்து, தகடும் மேசைப் பரப்பும் ஒரே மட்டமாக இருப்பது மற்றொரு நன்மை. மேசைமேல் தூக்கி வைத்த யந்திரத்தில் போர்வையின் பாரம் விளிம்பிலிருந்து தொங்கிக் கையை இழுக்கும், தையல் கோணும், மாலையில் தோள்பட்டை வலிக்கும். மட்டமாக அமையாவிடில் பலகையை வெட்டிச் சுற்றிலும் அடைத்துக் கொள்ளலாம். இடப்புறமும் பின்புறமும் ஒவ்வொரு மேசை போட்டுப் பாரத்தைத் தாங்கலாம். தச்சர் கூலியோடு முடியும் காரியம் இது.

தையல் வகைகளும் வேகமும்

முப்பது வகைத் தையல் என்று கேட்டு நிர்வாகக் குழு மயங்கியது இயல்பே. ஆனால் கைப்போக்குத் தையலுக்கு வேண்டியது நேர்த்தையல் ஒன்றே. கோலத்தைப் போடுவது கை, யந்திரமன்று. அதுமட்டுமன்று, ஊசி பக்கவாட்டில் ஆடும் யந்திரங்களின் தகட்டில் துளை நீண்டிருக்கும். அந்நீண்ட துளைக்குள் துணி ஊசியோடு அமுங்கிப் போவதால் தையல் ஒழுங்கு கெடும். நேர்த்தையல் யந்திரத்தின் தகட்டிலுள்ள சிறு வட்டத் துளையே சிறந்தது. பல தையல் யந்திரந்தான் வாங்க வேண்டும் என்றால், வட்டத் துளைத் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

வேகத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கைப்போக்கில் தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது யந்திரத்தின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்து. அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்துக் கொள்வோம். நிமிடத்துக்கு 600 தையல் ஓடும் யந்திரத்தில் கை நிமிடத்துக்கு 60 அங்குலம், அதாவது விநாடிக்கு ஓர் அங்குலம் ஓட வேண்டும். பழகிய கைக்கு இது இயலும். 1,500 தையல் ஓடினால் விநாடிக்கு இரண்டரை அங்குலம். இது தேர்ந்தவருக்கே கைவரும். ஆகவே உச்ச வேகம் எவ்வளவு என்பதைவிட, மெதுவாக ஓட்டும்போது திணறாமல் ஒரே சீராக ஓடுகிறதா என்பதே கவனிக்கத்தக்கது. கையின் ஓட்டத்தை உணர்ந்து தையல் நீளத்தைத் தானே ஒழுங்கு செய்யும் கருவி பொருத்திய விலையுயர்ந்த யந்திரங்களும் வந்திருக்கின்றன. ஒரு மாதப் பழக்கத்தில் கை கற்றுக்கொள்வதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்பது நம் ஐயம்.

கூலி நிர்ணயிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60-க்கு 90 போர்வையில் ஓரங்குல இடைவெளியில் தைத்தால் தையலின் மொத்த நீளம் 5,400 அங்குலம். நிமிடத்துக்கு 60 அங்குலம் வீதம் ஊசி ஓடும் நேரம் மட்டும் 90 நிமிடம். பாபின் மாற்றுவது, சுருளைப் பிரித்துச் சுருட்டுவது, அறுந்த நூலை முடிவது யாவும் இதற்கு மேல்; நாம் பார்த்தவரை மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. தடிப்பான அடுக்கில் மேல்நூலும் கீழ்நூலுமாகத் தையல் நீளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் செல்லும்; அதாவது ஒரு போர்வைக்கு 410 மீட்டர் அளவு. இதனைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிவிட்டுப் பின்னர் கூலியில் கை வைப்பது முறையாகாது.

வீட்டிலிருக்கும் கறுப்பு யந்திரம்

வீட்டுத் திண்ணையில் தாயோ பாட்டியோ தைத்த கறுப்பு நிறக் கால்மிதி யந்திரத்தை அங்கத்தினர் பலர் இன்றும் வைத்திருப்பர். சிங்கர் 15-ஆம் வகுப்பு என்று பெயர்பெற்ற அமைப்பைப் பின்பற்றியவை இவற்றில் மிகப் பல. 1930-களில் கல்கத்தாவின் ஜே எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் உஷா யந்திரத்தைச் செய்யத் தொடங்கிய பின்னர், நம் நாட்டு யந்திரங்களே சிற்றூர் வரை பரவின. நேர்த்தையல் மட்டும் போடும். தகட்டில் வட்டத் துளை. வார்ப்பிரும்பின் கனத்தால் அதிர்வு குறைவு. மேசையில் அமிழ்ந்து மட்டமாக நிற்கும். மேலே நாம் சொல்லி வந்த நற்குணங்களில் இடைவெளி ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் இதனிடம் உள்ளன. தாவும் பாதமும், பற்களுக்கு ஒரு மூடுதகடும், எண்ணெயும், புதிய வாரும் வாங்கினால் போதும். காலால் மிதிப்பதால் வேகமும் தைப்பவர் வசத்திலேயே இருக்கிறது.

யந்திரங்களைப் பற்றி 1924-ஆம் ஆண்டு காந்தியடிகளிடம் ஒரு மாணவர் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, தையல் யந்திரத்துக்கு அவர் விலக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்ததே. கேட்ட மாணவர் ஜி. இராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைச் சௌந்திரம் அம்மையாருடன் நிறுவியவர். அந்த விலக்குக்கு மிகப் பொருத்தமான யந்திரம் இக்கறுப்பு யந்திரமே என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் இதன் இடைவெளியும் ஆறரை அங்குலத்தளவே. முழுப் போர்வைக்கு என்ன செய்வது? இங்கேயும் அந்த அம்மையாரே வழி சொன்னார். "முழுசா ஏன் தைக்கணுங்க? கட்டம் கட்டமாத் தெச்சு அப்புறம் சேர்த்துக்கலாமுங்க" என்றார். 15 அங்குலச் சதுரங்களாகத் துணியும் பஞ்சும் அடுக்கி, ஒவ்வொன்றையும் கைப்போக்கில் தைத்து முடித்து, பின்னர் பட்டைத் துணி கொண்டு இணைப்பது. மேல்நாட்டார் இதனைத் தனி முறையாகவே கையாளுகின்றனர் என்பதைப் பின்னர் அறிந்தோம். 60-க்கு 90 போர்வைக்கு 24 சதுரங்கள். இணைப்பின் நீளம் 570 அங்குலம். மேலும் கீழும் பட்டை வேண்டுமாதலால் பட்டை மட்டும் 1,140 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர். துணியும் கூலியும் அந்த அளவுக்குக் கூடும். கூடினாலும், நான்கு பெண்கள் நான்கு வீடுகளில் ஒரே போர்வையின் சதுரங்களைத் தைக்க முடிகிறது என்ற நன்மை பெரிது.

முழுப் போர்வைகளுக்கே நிலையான ஆர்டர் உள்ள சங்கத்துக்கு வேறொரு வழி உண்டு. ஏற்றுமதித் தையற்கூடங்களில் பயன்படும் தொழிற்சாலை யந்திரங்கள் திருப்பூர், கரூர்ப் பக்கங்களில் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. இடைவெளி பெரும்பாலும் 10 அங்குலத்தளவு இருக்கும். மேசையில் மட்டமாக அமைந்தவை. ஆனால் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடக் கூடியவை. அந்த வேகத்தில் கைப்போக்கு நடவாது. பழைய கிளட்ச் மோட்டாரை நீக்கி, வேகத்துக்கு வரம்பு வைக்கத்தக்க சர்வோ மோட்டாரைப் பொருத்த வேண்டும். பற்கள் இறங்கா, கழற்றத்தான் வேண்டும். வீட்டு யந்திரத்தின் ஊசியும் பாதமும் இதற்குப் பொருந்தா. இதற்குரிய தாவும் பாதத்தை முதலில் தேடிக் கையில் வாங்கிக் கொண்டு, பிறகு யந்திரத்துக்கு விலை பேசுவது புத்திசாலித்தனம்.

எந்தப் பொருளுக்கு?

ஆக, யந்திரம் எது என்ற கேள்விக்கு முன், தைக்கப்போகும் பொருள் எவ்வளவு பெரியது என்ற கேள்வி நிற்கிறது. கைக்குழந்தைப் போர்வை, உணவு மேசை விரிப்பு, பை, சூட்டுப் பாத்திரம் பிடிக்கும் துணி ஆகியவற்றுக்கு ஆறரை அங்குலம் தாராளம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1966-ஆம் ஆண்டில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற போர்வைக் கூட்டுறவை அமைத்தனர். அவர்கள் கையால் தைத்த போர்வைகள் நியூயார்க் வரை புகழ்பெற்றன. 1969-ல் சொந்தத் தையற்கூடம் எழுப்பினர். எனினும் 1972-ல் சியர்ஸ் என்ற பெருவணிக நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்க ஏற்ற ஒப்பந்தமே அவர்களுக்குப் பல ஆண்டுகள் மாதாமாதம் வேலை கொடுத்தது. புகழ் பெரிய பொருளுக்கும், கூலி ஒரே அளவான சிறிய பொருளுக்குமாக அமைந்தது. அக்கூட்டுறவு 2012-ல் முடிவுற்றது.

யந்திரத்தில் தைத்தது மட்டம் என்று வாங்குவோர் சொல்வார்களோ என்ற அச்சமும் வேண்டாம். அந்நாட்டிலும் அவ்வெண்ணம் நெடுநாள் இருந்தது. 1989-ல் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் நடந்த பெரிய போர்வைக் காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற அம்மையார் யந்திரத்தில் தைத்த போர்வை தலைப்பரிசு பெற்றபின் அவ்வெண்ணம் தளர்ந்தது.

துணியையும் பஞ்சையும் பற்றிச் சிறிது. கைத்தறித் துணியை நனைத்துக் கஞ்சி போகத் துவைத்துச் சுருங்கவிட்ட பின்னரே வெட்ட வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் மேல்துணியும் அடித்துணியும் வெவ்வேறாகச் சுருங்கிப் போர்வை குமிழிக்கும். அடித்துணிக்கு மட்டும் மெல்லிய கஞ்சி மறுபடி இட்டுத் தேய்த்தால் தகட்டின்மேல் வழுக்கிச் செல்லும். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் உரியது, அதன் இழைகள் வழுவழுப்பாகி ஒன்றையொன்று பற்றாதவை, இவ்வேலைக்கு ஆகாது. பருத்திப் பஞ்சைத் தகடாக அடித்துப் பரப்பினாலும், பசையோ மெல்லிய வலைத்துணியோ சேராத பஞ்சுக்குத் தையல் வரிகளுக்கு இடையே 2 அங்குலத்துக்கு மேல் விடலாகாது. விட்டால் துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும். ஊசி 14 அல்லது 16-ஆம் எண். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பஞ்சுத்தூள் பாபின் அறையில் சேரும். நாள்தோறும் தூரிகையால் துடைக்க வேண்டும்.

விலைப்புள்ளி கோரும்போது

இப்போது நாம் ஒப்புநோக்குப் பட்டியலைப் பார்க்கும் முறை மாறியிருக்கிறது. விலைப்புள்ளிக் கோரிக்கையில் ஊசியிலிருந்து தூண்வரை குறைந்தபட்ச இடைவெளி இத்தனை அங்குலம், பற்களை இறக்கும் அல்லது மூடும் வசதி, தாவும் பாதம், வட்டத் துளைத் தகடு, உதிரி பாபின் கேஸ், ஓராண்டுப் பழுதுபார்ப்பு ஆகியவற்றை எழுதச் சொல்கிறோம். 'சங்கம் கொண்டுவரும் அடுக்கில் தைத்துக் காட்ட வேண்டும்' என்ற நிபந்தனையையும் சேர்க்கிறோம். குறைந்த விலை என்பது இவை யாவும் பொருந்தியவர்களுக்குள் குறைந்த விலையே. தீர்மானத்தில் காரணத்தை எழுதிவிட்டால் கூடுதல் விலைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வருவதில்லை.

கடைக்குச் செல்லும்போது நிர்வாகக் குழுவினர் மட்டும் போகலாகாது. தைக்கப் போகிற அங்கத்தினர் ஒருவரையாவது அழைத்துச் செல்ல வேண்டும். சங்கத்தின் சொந்தத் துணி, சொந்தப் பஞ்சு கொண்டு 18 அங்குலச் சதுர அடுக்குகள் இரண்டும், முழு அளவுப் போர்வை அடுக்கு ஒன்றும் எடுத்துச் செல்க. மேல்நூல் ஒரு நிறம், கீழ்நூல் வேறு நிறம் போடச் சொல்லுக. சதுரத்தில் எட்டு எழுத்தைப் போல் வளைத்து வளைத்துப் பத்து நிமிடம் தைத்துப் புரட்டிப் பார்த்தால், கீழ்நூல் மேலே தலைகாட்டுகிறதா, மேல்நூல் அடியில் வளைவுகளில் கண்ணியாகத் தொங்குகிறதா என்பது நிறத்தாலேயே தெரியும். வளைவில் மட்டும் தொங்கினால் கை விரைந்துவிட்டது என்று பொருள். நேர்வரியிலும் தொங்கினால் நூலிறுக்கத்தைத் திருத்தி மறுபடி பார்க்க வேண்டும். திருத்தியும் தொங்கினால் அடுத்த யந்திரத்துக்குச் செல்லலாம். பின்னர் முழு அடுக்கைச் சுருட்டிக் கைக்கடியில் விட்டு, நடுவிலே ஒரு சாண் தைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தைத்த துண்டில் தேதியும் யந்திரத்தின் எண்ணும் எழுதி, விலைப்புள்ளிகளோடு கோப்பில் கோத்து வைக்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

முன்சொன்ன சங்கத்தின் நான்கு யந்திரங்களில் மூன்று இப்போது உறை நீக்கப்பட்டு உணவு மேசை விரிப்புகளைத் தைக்கின்றன. ஒன்று பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைக்கிறது. அங்கத்தினர் வீடுகளிலிருந்து ஐந்து கறுப்பு யந்திரங்கள் சங்கக் கட்டடத்துக்கு வந்திருக்கின்றன. வாடகை மாதந்தோறும் உரியவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. மூலையில் கிடந்த துணியையும் பஞ்சையும் சதுரங்களாக வெட்டி, சென்ற பருவத்தில் 16 போர்வைகள் முடித்தனர். பட்டை இணைக்கும் வேலைக்குக் கூலி எவ்வளவு என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது நான்காவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.